பிச்சைமணி வைக்கப் பார்த்த மரம்

என் அக்காள் புருஷன் பிச்சைமணியைத் தங்கமான மனுஷன் என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தங்கமான மனுஷன்தான், இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு மலைக்கும் சமவெளிக்கும் அலைந்தவன் நான். ஒரு மரத்துக்காக ஒரு மனிதன் எவ்வளவு பாடு படலாம், கூட இருக்கிறவர்களை எவ்வளவு பாடு படுத்தலாம் என்று கிட்ட இருந்து பார்த்தவனும் நான்தான். அதனால் அவர் கதையைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. கோபத்தோடு சொல்லவும் உரிமை உண்டு.

அவர் பிறந்தது மூணாறுக்கும் மறையூருக்கும் நடுவே ஒரு தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் லயத்தில். சங்கரன்கோவில் பக்கமிருந்து எந்தக் காலத்திலோ மலையேறி வந்த குடும்பம். கொஞ்சம் பள்ளிக்கூடம், அதற்கப்புறம் பேக்டரி. தேயிலை காய்கிற டிரையருக்குப் பக்கத்தில் நின்றே ஆயுசு ஓடிப்போனது. இருந்த வீடு கம்பெனி வீடு. போர்த்திய கம்பளி கம்பெனி கொடுத்தது. எரித்த விறகு கம்பெனி விறகு. காய்ச்சல் வந்தால் கம்பெனி ஆஸ்பத்திரி, செத்தால் புதைக்கிற இடமும் கம்பெனி இடம். வாசலில் பீன்ஸ் கொடி ஏற்றினாலும் அது கம்பெனி மண்ணில்தான் ஏறும். இதையெல்லாம் சொல்லிக் குறைப்படுகிற ஆள் இல்லை அவர். ஆனால் கல்யாணமான புதிதில் என் அக்கா மூக்கம்மாளிடம், நம்முடையது என்று சொல்லிக்கொள்ள ஒரு மரமாவது வைக்க வேண்டும் என்று சொன்னாராம். அக்கா அதைப் புதுமாப்பிள்ளை பேச்சு என்று நினைத்துக்கொண்டாள். அவர் அதைப் பேச்சாக நினைக்கவில்லை.

எந்த மரம் என்பதையும் அப்போதே முடிவு செய்துவிட்டார். லயத்தின் கடைசியில், கைப்பிள்ளைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போகும் கிரெச்சுக்குப் பின்னால் ஒரு மரம் நின்றது. எந்தத் துரையோ வைத்துவிட்டுப் போனது. ஊசியிலை மரச் சாதி. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது, புன்யா பைன் என்று பேர் என்று சித்ரா பின்னாளில் போனில் பார்த்துச் சொன்னாள். சித்ரா அவருடைய ஒரே மகள். எங்கள் லயத்தில் அதற்குக் குண்டுக்காய் மரம் என்று பேர். வருஷம் முழுக்கப் பச்சையாக நிற்கும். இலை கொட்டி மொட்டையாக நின்று ஒருத்தரும் பார்த்ததில்லை. இலை ஒவ்வொன்றும் நுனியில் முள் வைத்திருக்கும். கீழே கிடக்கும் கிளையை வெறுங்காலால் மிதித்தவன் இரண்டு நாள் நொண்டுவான். அடிமரம் நேராகப் போய், உச்சி மட்டும் கூடையைக் கவிழ்த்த மாதிரி உருண்டு நிற்கும். அந்த உச்சியில்தான் காய். சின்னப் பலாக்காய் அளவு, பச்சை நிறம், மேலெல்லாம் செதில். ஏறிப் பறிக்க முடியாது. முற்றினால் தானாக விழும். விழுந்தால் லயத்துக் கோழியெல்லாம் அலறும்.

அதுவும் வருஷாவருஷம் காய்க்காது. இரண்டு மூன்று வருஷம் சும்மா நின்றுவிட்டு, ஒரு வருஷம் ஆவணி வாக்கில் பொத்துப் பொத்தென்று போடும். யார் வாசலில் விழுந்தாலும் காய் அந்த வீட்டுக்கு மட்டும் சொந்தமில்லை. உடைத்து வீட்டுக்கு ஒரு பங்கு கொட்டை கொடுக்க வேண்டும் என்பது லயத்து வழக்கம். உடைக்கிற வேலையைப் பிச்சைமணி வேறு யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. செதிலுக்குள்ளே கட்டைவிரல் அளவு கொட்டை இருக்கும், கூரான முனையோடு, தடித்த தோலோடு. இளசாக இருந்தால் பச்சையாகவே மெல்லலாம், பால் இனிப்பு. முற்றியதை உப்புப் போட்டு அவித்தால் பலாக்கொட்டைக்கும் உருளைக்கிழங்குக்கும் நடுவே ஒரு ருசி. பேக்டரி அடுப்புச் சாம்பலில் புதைத்துச் சுட்டால் அது தனி ருசி. காயவைத்து இடித்த மாவில் மறையூர் வெல்லமும் தேங்காய்ப்பூவும் சேர்த்து அக்கா கொழுக்கட்டை பிடிப்பாள். அடைமழைக் காலத்தில் அந்தக் கொட்டையும் ஒரு கிளாஸ் கட்டன்சாயாவும் கையில் இருந்தால் மச்சானுக்கு வேறு எதுவும் வேண்டாம். எங்களுக்கு வேண்டுமா என்று கேட்கிற வழக்கமும் அவருக்கு அப்போது மறந்துபோகும்.

போன வருஷம் ஆவணியில் காய் விழ ஆரம்பித்தது. எஸ்டேட்டில் பழைய பங்களாவை டூரிஸ்ட்டுகளுக்கு விட ஆரம்பித்திருந்தார்கள். ஒருவன் மரத்தடி நிழல் நன்றாக இருக்கிறதே என்று காரை அங்கே நிறுத்திவிட்டுத் தேயிலையோடு போட்டோ எடுக்கப் போனான். திரும்பி வந்தபோது முன்கண்ணாடியில் ஓட்டை, சீட்டில் குண்டுக்காய். மறுவாரமே மரத்தில் சிவப்புப் பெயின்ட் அடித்துவிட்டுப் போனார்கள், வெட்டுவதற்கு. எனக்கு அன்றைக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. எங்கள் ஆட்கள் தலைக்கு மேலே இத்தனை காலம் அந்தக் காய் தொங்கியபோது ஆபத்து இல்லை. கார் கண்ணாடி உடைந்ததும் ஆபத்தாகிவிட்டது. மச்சான் யூனியன்காரரிடம் போய் நின்றார், ஆபீசில் போய் அபேட்சை மனு கொடுத்தார். தலையை ஆட்டினார்கள், அவ்வளவுதான்.

இன்னொரு பக்கம் அவருக்கு ரிட்டயர்மென்ட் வந்துவிட்டது. ரிட்டயர் ஆனால் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். வந்த பணத்தில் மறையூருக்குப் பக்கத்தில் துண்டாக ஒரு நிலம் வாங்கி, பட்டயப் பத்திரத்தையும் கையில் வாங்கிவிட்டார். அக்கா அடுப்படி எங்கே, பாத்ரூம் எங்கே என்று மனசுக்குள்ளே கட்டி முடித்திருந்தாள். மச்சான் மேஸ்திரியைக் கூட்டிக்கொண்டு போய், நிலத்தின் நல்ல பாகத்தில் கோடு போட்டு, இங்கே வீடு வரக்கூடாது என்றார். அந்த மரம் அகலமாகப் போகுமாம். வேர் ஆழமாக இறங்குமாம். காய் விழுந்தால் ஓடு உடையுமாம், அதனால் வீடு தள்ளி இருக்க வேண்டுமாம். வீடு மூலையில் ஒடுங்கியது. அக்காவின் அடுப்படியில் இரண்டு பேர் நின்றால் ஒருவர் வெளியே வந்துதான் மற்றவர் திரும்ப முடியும். நிலத்தின் நடுவே ஆளை இறக்கலாம் போல ஒரு குழி வெட்டி, மக்கிய இலையும் சாணமும் போட்டு வைத்தார்.

"அது காய்க்கையில நாம சுவத்துல மாலை போட்டுத் தொங்குவோம்" என்றாள் அக்கா.

"தொங்குனா என்ன, நம்ம சுவத்துலதானே தொங்குவோம்" என்றார் அவர்.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் ஜீப்பைத் துடைக்கப் போய்விட்டேன்.

மரத்தைப் பற்றிச் சித்ரா போனில் படித்துப் படித்துச் சொன்னாள். ஆழமான, வளமான மண் வேண்டும். ஈரம் எப்போதும் இருக்க வேண்டும், ஆனால் தண்ணீர் தேங்கக்கூடாது. சின்ன வயசில் நிழல் வேண்டும், காற்று அடிக்கக்கூடாது. பெரிதானால் வெயில், குளிர், கொஞ்சம் வறட்சி எல்லாம் தாங்கிக்கொள்ளும். கொட்டை காய்ந்தால் முளைக்காது, அதனால் உடனே விதைக்க வேண்டும். காய்க்கப் பதினைந்து வருஷம், இருபது வருஷம் ஆகலாம். அதைவிட முக்கியமாக ஒன்று சொன்னாள். இந்தக் கொட்டை முளைக்கிறபோது மேலே ஒன்றும் வராது. முதலில் மண்ணுக்குள்ளே ஒரு கிழங்கு விடும். அந்தக் கிழங்கு மாதக்கணக்கில் சும்மா கிடக்கும். அப்புறம்தான் குருத்து வெளியே வரும். மேலே ஒன்றும் காணோமே என்று நினைத்துத் தோண்டி எறிந்துவிடக்கூடாது.

இத்தனையும் கேட்டுத் தலையாட்டிய மனிதர் என்ன செய்தார் தெரியுமா? அந்த ஆவணியில் விழுந்த கொட்டைகளில் பாதியை மறையூர் நிலத்தில் விதைத்தார். தேயிலை நர்சரியில் செய்கிற மாதிரி பாலிதீன் பையில் மண் நிரப்பி, வீடு கட்டுகிற ஆட்களைக் காலையும் மாலையும் தண்ணீர் விடச் சொன்னார். வாரத்துக்கு ஒரு தடவை என்னை ஜீப் எடுக்கச் சொல்லிப் போய், ஒவ்வொரு பையாக விரலை விட்டுக் கிளறி, கிழங்கு வந்துவிட்டதா என்று பார்த்தார். பார்த்துப் பார்த்தே பாதிக்கு மேல் அழுகிவிட்டது. "விடுங்க மச்சான், அதுபாட்டுக்குக் கிடக்கட்டும்" என்று நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். இன்றைக்கு மட்டும் பார்த்துவிடுகிறேன் என்பார். மிஞ்சியதைக் காட்டுப்பன்றி வந்து முடித்துவிட்டது. வேலி இல்லாத நிலம், பாதி கட்டிய வீடு, ராத்திரி அங்கே தங்க ஆள் இல்லை. பன்றியின் மேல் என்ன குற்றம்? தின்னக் கிடைத்ததைத் தின்றது.

அதே மாதத்தில் மரத்தை வெட்டினார்கள். மச்சான் பார்க்கப் போகவில்லை. அன்றைக்கு என் வாடகை ரூமில் உட்கார்ந்து, அக்கா ஈரமணல் சட்டிக்குள் போட்டு வைத்திருந்த மீதிக் கொட்டைகளை எடுத்துத் துணியால் துடைத்து, மறுபடி மணலுக்குள் வைத்தார். லயத்து வீட்டைக் காலி செய்து, மறையூர் வீடு முடியாமல், மூன்று பேரும் மூணாறில் என் ஒற்றை ரூமில்தான் அப்போது இருந்தோம். ஒரு பூந்தொட்டி வைக்கக்கூட இடமில்லை. மீந்திருந்தது இரண்டு கைக்குள் அடங்குகிற கொட்டைதான். மரமும் போய்விட்டது. இனி எந்த ஆவணியிலும் காய் விழப்போவதில்லை. இவ்வளவு சின்ன ஆசையைக்கூட ஒரு மனிதனுக்கு நிறைவேற விடாமல் எல்லாமாகச் சேர்ந்து அடிக்கிறதே என்று எனக்கு அழுகையாக வந்தது. அவர் முன்னால் அழ முடியாதே, அதனால் சத்தம் போட்டேன்.

அப்போதுதான் அவருக்குக் கொழிஞ்சாம்பாறை ஞாபகம் வந்தது.

சித்ராவைக் கட்டிக்கொடுத்தது அங்கேதான். கட்டிக்கொடுத்தது என்று சொல்லக்கூடாது. கோயம்புத்தூரில் வேலை பார்த்த இடத்தில் அவளும் நவீன்குமாரும் தாங்களாகவே முடிவு செய்துகொண்டார்கள். அவர்கள் தென்னந்தோப்பும் பண்ணையமும் வைத்திருக்கிற குடும்பம். இவர்கள் லயத்துக் குடும்பம். கல்யாணத்துக்கு அவர்கள் பக்கத்தில் பாதிப் பேர் வரவில்லை. பேத்தி பிறந்த பிறகுதான் போக்குவரத்து வந்தது. நவீன்குமாரின் அப்பா சென்னியப்பன் அதிகம் பேச மாட்டார். அம்மா கமலாத்தாள்தான் முதலில் வாசல்வரை வந்து எங்களைக் கூப்பிட்டவர். அந்த ஒரு மரியாதைக்காக மச்சான் அந்த வீட்டில் உட்கார்ந்தால் நாற்காலி நுனியில்தான் உட்காருவார், வயிறு நிறைந்தாலும் சோறு போதுமென்று சொல்ல மாட்டார். மகள் அங்கே தலைநிமிர்ந்து இருக்க வேண்டும், அதற்குத் தன்னால் ஒரு குறையும் வந்துவிடக்கூடாது என்பது அவர் கணக்கு. மகளும் மருமகனும் வேலைக்காகக் கோயம்புத்தூரில் இருந்தார்கள், விசேஷத்துக்குத்தான் ஊருக்கு வருவார்கள்.

தோப்பில் தென்னை நிழல் உண்டு, சொட்டுநீர் உண்டு, பன்றிக்குச் சோலார் வேலி உண்டு. அங்கே விதைத்துக் குருத்து வரட்டும், ஆனி மழைக்கு மறையூருக்குக் கொண்டுவந்து குழியில் வைத்துவிடலாம் என்று முடிவு செய்தார். ஐப்பசியில் ஒருநாள் சின்னார் வழியாக இறங்கி, உடுமலை, பொள்ளாச்சி தாண்டிப் போனோம். வெறுங்கையோடு போகக்கூடாது என்று அக்கா மீதமிருந்த மாவில் கொழுக்கட்டை பிடித்து, அவித்துக் காயவைத்த கொட்டை கொஞ்சமும் கட்டிக் கொடுத்தாள். கமலாத்தாள் ஒன்றைத் தின்று பார்த்து, பலாக்கொட்டையாட்ட இருக்குதுங்க என்று ரசித்துச் சொன்னார். மச்சானுக்கு அந்த வீட்டில் முதல்முறையாக வாய் திறந்தது. அவித்தால் எப்படி, சுட்டால் எப்படி, மாவு எப்படி, வெல்லம் எவ்வளவு என்று சமையல்காரர் மாதிரி பேசினார். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்தும் உட்கார்ந்தார்.

பிறகு தோப்புக்குப் போய், கிணற்றடிக்குப் பக்கத்தில் நிழலான இடத்தில் மண்ணைக் கொத்தி, கொட்டைகளைத் தன் கையாலேயே ஊன்றினார். கமலாத்தாளும் கூட வந்தார். மறையூரில் பட்டது போதும் என்று இந்தத் தடவை மச்சான் எல்லாவற்றையும் திருத்தமாகச் சொன்னார். தினம் கிளற வேண்டாம். தண்ணீர் தேங்க விட வேண்டாம். மேலே ஒன்றும் தெரியவில்லையே என்று பயப்பட வேண்டாம்.

"உள்ளுக்குள்ள கெழங்கு விடும் சம்பந்தியம்மா. தை பொறந்ததும் தோண்டிப் பாருங்க. நல்லா வெரல் தண்டிக்கு இருந்தா சரி, வந்துருச்சுன்னு அர்த்தம்" என்றார்.

"பனங்கொட்டையாட்டத்தானுங்களா. அது எங்களுக்குச் சொல்லோணுமுங்களா" என்று கமலாத்தாள் சிரித்தார்.

மச்சானுக்கு ஒரே சந்தோஷம். திரும்பி வரும் வழியெல்லாம் அதையே சொன்னார். இத்தனை பேரிடம் மண்டையை உடைத்துச் சொல்லியும் புரியாத விஷயம் அந்த அம்மாவுக்கு ஒரு வார்த்தையில் புரிந்துவிட்டதாம். பனை விளைகிற ஊர்க்காரர்களுக்குத்தான் மண்ணுக்குள்ளே நடப்பது தெரியுமாம். நானும் ஆமாம் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டினேன். மறையூர்க்காரனுக்கும் மூணாறுக்காரனுக்கும் பனையைப் பற்றி என்ன தெரியும்? பொள்ளாச்சிச் சந்தையில் தை மாதம் கட்டுக்கட்டாக விற்கிற பனங்கிழங்கை நானும் எத்தனையோ தடவை வாங்கித் தின்றிருக்கிறேன். அது எங்கே, எப்படி வருகிறது என்று யோசித்ததில்லை.

மூன்று மாதமும் மச்சான் வாரம் ஒரு தடவை போன் போட்டார். பேத்தி விஷயம், மழை விஷயம் எல்லாம் பேசி முடித்து, கடைசியில் போகிற போக்கில் கேட்பது போல, நம்ம கொட்டை எப்படி இருக்கிறது என்று கேட்பார். மண்ணைத் தொடக்கூட இல்லைங்க, ஈரம் காயாமல் பார்த்துக்கொள்கிறோம் என்று கமலாத்தாள் சொல்வார். அந்த அம்மா சொன்னபடியே பார்த்தும் கொண்டார். பேரக்குழந்தைக்கு வாங்கிய கொசுவலையைக் கிழித்து, எலி தோண்டாமல் மேலே போட்டு வைத்தாராம். சொன்ன பேச்சைக் கேட்டு, சொன்ன மாதிரியே செய்கிற ஒரு ஆள் கிடைத்துவிட்டார் என்று மச்சான் நிம்மதியாக இருந்தார். மறையூர்க் குழியில் இன்னொரு லோடு சாணம் இறக்கினார். அக்கா அதற்கும் என்னிடம்தான் சண்டை போட்டாள்.

பட்டிப்பொங்கலுக்கு வரச்சொல்லி சென்னியப்பனே போன் செய்தார். அவர் எங்களுக்குப் போன் செய்தது அதுதான் முதல்முறை. அக்காவுக்கு முழங்கால் வலி, மலை இறங்க முடியவில்லை. நானும் மச்சானும் மட்டும் போனோம். போகும்போது ஜீப்பின் பின்னால் ஈரச்சாக்கு, பாலிதீன் பை, மக்கிய மண் எல்லாம் ஏற்றினார். கிழங்கு வந்திருந்தால் அதில் இரண்டு மூன்றை அன்றைக்கே கொண்டுவந்துவிட வேண்டும் என்று திட்டம். மறையூர் வீட்டுக்குக் குடிபோயாகிவிட்டது, இனி பன்றியை விடியவிடியக் காவல் காத்துக்கொள்ளலாம் என்றார். சின்னார் செக்போஸ்ட்டில் சாக்குக்குள் என்ன என்று கேட்டபோது, ஒன்றுமில்லை சார், இனிமேல்தான் என்று பதில் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

போய் இறங்கியதும் தோப்புக்குப் போகலாம் என்றார். வந்தவர்களைச் சோறு போடாமல் தோப்புக்கு அனுப்புவதா என்று சென்னியப்பன் விடவில்லை. கை கழுவி உட்கார்ந்தோம். சென்னியப்பனும் எங்களோடு இலையில் உட்கார்ந்தார். அதுவும் முதல்முறைதான். மச்சான் என்னை ஓரக்கண்ணால் பார்த்தார், கவனித்தாயா என்பது போல. சித்ராவும் மாப்பிள்ளையும் காலையிலேயே வந்திருந்தார்கள். அவள் உள் அறையில் குழந்தையைத் தூங்க வைத்துக்கொண்டிருந்தாள்.

பொங்கலும் கூட்டும் வைத்த பிறகு கமலாத்தாள் ஒரு தட்டில் கிழங்கு கொண்டுவந்தார். ஒரு பக்கம் பனங்கிழங்கு. இன்னொரு பக்கம் வேறு ஒன்று, குட்டை முள்ளங்கி மாதிரி, வெள்ளையாக, மஞ்சளும் உப்பும் போட்டு அவித்தது, மேலே தேங்காய்ப்பூ தூவியிருந்தது. மச்சானின் இலையில் அதில்தான் இரண்டு வைத்தார். மச்சான் ஒன்றைக் கடித்து மென்றார். தேங்காய் மாதிரி ருசிக்கிறதே, மாவாக இருக்கிறதே, இது என்ன கிழங்கு என்று கேட்டார்.

கமலாத்தாள் முகமெல்லாம் சிரிப்பாக, "நீங்க ஊனிட்டுப் போனதுதானுங்க. தை பொறந்ததும் தோண்டுனோமுங்க. வெரல் தண்டிக்கு என்னமா எறங்கியிருந்துச்சுங்க" என்றார்.

பனங்கொட்டையை மண்ணில் பதித்து, தை பிறந்ததும் தோண்டி, கிழங்கை அவித்துத் தின்பது அவர்கள் ஊர் வழக்கம். அதற்காகத்தான் பதிப்பார்கள். தோண்டாமல் விட்டால்தான் அங்கே தப்பு. மச்சான் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட அவர்கள் மீறவில்லை. இதெல்லாம் எனக்கு இலைமுன்னால் உட்கார்ந்திருந்தபோதுதான் ஒன்றன்பின் ஒன்றாகப் புரிந்தது. புரியப் புரிய உடம்பெல்லாம் கொதித்தது. யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. மரத்தை வெட்டிய கம்பெனிக்காரன் எதிரே இருந்தால் கழுத்தைப் பிடித்திருப்பேன். பன்றி இருந்தால் கல்லெடுத்து எறிந்திருப்பேன். எதிரே நின்றது கொசுவலையைக் கிழித்துப் போட்டுக் காவல் காத்த அம்மா.

நான் வாயைத் திறந்தேன். மச்சானின் இடது கை என் தொடையை அழுத்தியது.

"தின்னு மாப்ள" என்றார்.

அவர் தின்றார். அவசரப்படாமல், நார் எடுத்து ஓரமாக வைத்து, முதல் கிழங்கை முடித்து இரண்டாவதை எடுத்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, காது மட்டும் சிவந்திருந்தது. சென்னியப்பன் அதிசயமாகப் பேச ஆரம்பித்தார். அக்கம்பக்கத்தில் பங்காளிகளுக்கெல்லாம் ஒவ்வொன்று கொடுத்தனுப்பினார்களாம், எங்க சம்பந்தி மலையிலிருந்து கொண்டுவந்து வைத்த கிழங்கு என்று சொல்லித்தான் கொடுத்தார்களாம். கல்யாணத்துக்கு வராத பெரியப்பா வீட்டில்கூட இன்னொன்று இருக்கிறதா என்று கேட்டு அனுப்பினார்களாம். எங்க சம்பந்தி என்று அவர் வாயால் சொல்லி நாங்கள் கேட்டது அன்றைக்குத்தான். அதைக் கேட்டுச் சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த நேரத்தில் சித்ரா அறையிலிருந்து வந்தாள். தட்டைப் பார்த்தாள், அப்பாவின் இலையைப் பார்த்தாள். அவளுக்கு ஒருவரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "அத்தை, இது..." என்று ஆரம்பித்தாள். மச்சான் நிமிர்ந்து அவளைப் பார்த்துத் தலையை மெதுவாக, இல்லை என்பது போல ஆட்டினார். அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டாள்.

பிறகு மச்சான் கேட்டார். சும்மா கேட்பது போலத்தான் கேட்டார்.

"எல்லாத்தையும் தோண்டியாச்சா சம்பந்தியம்மா? ஒண்ணும் மிச்சமில்லையா?"

"அதெப்படிங்க இல்லாமப் போகும். இருக்கறதுலயே பெரிய கெழங்கா ஒண்ணு, உங்களுக்குன்னே எடுத்து வெச்சிருக்கறனுங்க. ஊட்டுக்குக் கொண்டுபோவீங்கன்னு" என்றார் கமலாத்தாள்.

மச்சானின் முகம் மாறியதை நான் பார்த்தேன். இத்தனை வருஷத்தில் அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை, சித்ரா பிறந்த அன்றைக்குக்கூட, நான் பார்த்ததில்லை. பாதி எழுந்துவிட்டார். ஒன்று போதும், மாப்ள, ஒன்று போதும் என்று என் காதில் சொன்னார். காற்றுப் படாமல் சுற்ற வேண்டும், ஓடிப்போய்ச் சாக்கை எடுத்துவா என்றார். எனக்கும் என்ன வந்ததோ, எச்சில் கையோடு வாசலுக்கு ஓடினேன். ஜீப்பின் பின்கதவைத் திறந்து, சாக்கை எடுத்து, வாசல் குழாயில் நன்றாக நனைத்துப் பிழிந்தேன். நேராகத் தோப்புக்குப் போய் மண்ணோடு எடுத்துவிடலாமா, இல்லை உள்ளே வைத்திருக்கிறார்களா என்றெல்லாம் யோசித்துக்கொண்டே திரும்பி ஓடிவந்தேன்.

வாசற்படியில் கால் வைத்தபோது கமலாத்தாள் அடுப்படியிலிருந்து வந்துகொண்டிருந்தார். கையில் ஒரு சம்புடம். சூடு ஆறாமல் இருக்கத் துணி சுற்றியிருந்தது. மச்சான் பக்கத்தில் குனிந்து, மூடியைத் திறந்து, கிழங்கை எடுத்து, தோலை உரித்து, நடுவே கீறி, நெய்யும் சர்க்கரையும் வைத்து இலையில் வைத்தார். கொண்டுபோகத்தான் வைத்தேன், ஆனால் ஊர் போவதற்குள் ஆறிப்போகும், இங்கேயே சாப்பிட்டுவிடுங்கள் என்று அன்பாகச் சொன்னார்.

மச்சான் இலையைப் பார்த்தார். என்னையும் பார்த்தார், என் கையில் நீர் சொட்டிக்கொண்டிருந்த சாக்கையும் பார்த்தார். பிறகு மறுபடி சம்மணம் போட்டு நன்றாக உட்கார்ந்து, அதையும் எடுத்துத் தின்றார். கடைசித் துண்டுவரை தின்றார்.

"போதும் சம்பந்தியம்மா" என்றார். "வயிறு நெறைஞ்சுபோச்சு."